மூலையை ஒட்டிப் போ

பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப்போகும் பெற்றோர்களைக் கூப்பிட்டுப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த தாளில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ‘இடப்பக்கம் திரும்பும்போது நீங்கள் செய்வதையெல்லாம் வரிசையாக எழுதவும்.’ கீழே பத்து கோடுகள் போட்டு எண் கொடுத்திருந்தார்கள்.

மற்ற பெற்றோர்கள் குனிந்து எழுதிக்கொண்டே போனார்கள். பக்கத்து இருக்கைக்காரர் ஏழாவது கோட்டுக்கே வந்துவிட்டார். ரிவர்ஸ் அண்ணன் மட்டும் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கண்ணை மூடி மனசுக்குள் ஒரு தெருமுனையில் திரும்பிப் பார்த்தார். அழகாகத் திரும்பியது. என்ன செய்தோம் என்று யோசித்தால் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் முதல் கோட்டில் ஒரே ஒரு சொல்லை எழுதினார்: ‘திரும்புவேன்.’

தாள்களை வாங்கிக்கொண்டு வந்த ஓட்டுநர் பயிற்சி டீச்சர் அந்த மேசையில் நின்றுவிட்டார்.

“சார், வண்டி ஓட்டுவீங்கதானே?”

“இருபத்தாறு வருஷமா ஓட்டறேங்க.”

“கார்?”

“வீட்ல கார். வேலையில ஃபோர்க்லிஃப்ட்.”

“அப்போ மிச்சம் ஒன்பது கோடும் ஃபோர்க்லிஃப்ட்டுக்கா?”

வகுப்பே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் வீடு திரும்பும் வழியில் நாலு இடத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. நாலு தடவையும் தன் கைகளைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார். கைகள் அவை பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டு, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் நேராகிவிட்டன.

ரிவர்ஸ் அண்ணன் என்பது கிடங்கில் வைத்த பெயர். துணி துவைக்கும் இயந்திரங்களும் குளிர்பதனப் பெட்டிகளும் கூரை உயரத்துக்கு அடுக்கியிருக்கும் அந்தக் கிடங்கில் பத்தொன்பது வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கொம்புகளில் பெட்டிகளைத் தூக்கிவிட்டால் எதிரே சுவர் எழுந்த மாதிரி ஆகிவிடும், ஒன்றும் தெரியாது. அதனால் சரக்கோடு போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே ஓட்ட வேண்டும். ஒரு நாளில் பாதி நேரம் அவர் உலகத்தைத் தோளுக்கு மேலாகத்தான் பார்த்தார். கழுத்து வலது பக்கம் கொஞ்சம் தடித்தே போயிருந்தது. சட்டை தைக்கக் கொடுத்தால் தையல்காரர் காலரை இரண்டு தடவை அளப்பார்.

பத்தொன்பது வருஷத்தில் ஒரு பெட்டி நசுங்கியதில்லை, ஒரு இரும்பு அடுக்கில் கீறல் விழுந்ததில்லை. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையும் அவர் தலையில்தான் விழும். அவரிடம் மூன்றே மூன்று பாடங்கள் உண்டு. கொம்பைத் தாழ்த்து. பின்னாடி பாரு. மூலையை ஒட்டிப் போ. பதினோரு பேர் அந்த மூன்றையும் கற்றுக்கொண்டு நன்றாகவே ஓட்டுகிறார்கள்.

பன்னிரண்டாவது ஆள் அவருடைய மகள். பதினெட்டு வயசு முடியப்போகிறது, வீட்டில் இன்னும் பாப்பாதான். பள்ளி இறுதி வருஷத்தில் லைசென்ஸ் எடுக்க வேண்டுமென்றால் டீச்சரோடு பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினால் போதாது. பெற்றோரில் லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஐம்பது மணி நேரம் ஓட்டவைத்து, ஒவ்வொரு தடவையும் பயிற்சிக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பாப்பாவின் அம்மா பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஆக, கையெழுத்துப் போட வீட்டில் ஒரே கைதான்.

பாப்பாவுக்கு லைசென்ஸ் வெறும் ஆசைக்காக இல்லை. வீடு வீடாகப் போய் உடம்புக்கு முடியாதவர்களிடம் ரத்த மாதிரி எடுத்து வருகிற பயிற்சி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை அம்மா குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். இருபத்தெட்டாம் தேதிக்குள் லைசென்ஸைக் காட்டினால் இடம் உண்டு. இல்லையென்றால் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் என்ற சொல்லைப் பாப்பா வாயால் சொல்லவே மாட்டாள். “அது” என்பாள். “அது மட்டும் வேணாம்மா.”

பயிற்சி ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடந்தது. மேசை நாற்காலி விற்கும் பெரிய கடை ஒன்றின் பின்புறம் வண்டி நிறுத்துமிடம் காலியாகக் கிடக்கும். அம்மா பின் இருக்கையில் ஒரு தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துகொள்வாள்.

“தலையணை எதுக்கு?” என்று கேட்டார் அவர்.

“பாப்பா பிரேக் போட்டா மூஞ்சிக்கு. நீங்க கத்தினா காதுக்கு.”

அவர் கத்தவில்லை. கத்துகிற ஆளே இல்லை. முதல் பாடம் காருக்குப் பொருந்தாது, கொம்பு கிடையாது. இரண்டாவது பாடத்தில் பாப்பா எடுத்த எடுப்பிலேயே தேறிவிட்டாள். பின்பக்கமாகக் காரை ஓட்டுவதென்றால் அவளுக்கு வெண்ணெய் வெட்டுகிற மாதிரி. இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒரே தடவையில் கொண்டுவந்து நிறுத்துவாள். கடைக் காவலாளி ஒருநாள் தேநீரோடு வந்து நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, “பொண்ணுக்கு முதுகுல கண்ணா சார்?” என்றே கேட்டுவிட்டார். ரிவர்ஸ் அண்ணனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை கிடங்கில் அதையே நாலு பேரிடம் சொன்னார்.

தகராறு முன்பக்கமாகத் திரும்புவதில் வந்தது.

“இப்ப இடது. மூலையை ஒட்டிப் போ. ஒட்டு, ஒட்டு, இன்னும் ஒட்டு… இப்போ திருப்பு.”

பாப்பா ஒட்டினாள், திருப்பினாள். காரின் முன்பக்கம் ஒழுங்காகப் போயிற்று. பின்னால் தொம் என்று ஒரு சத்தம். பின்சக்கரம் நடைபாதையில் ஏறி இறங்கியது. அம்மாவின் தலை கூரையைத் தொட்டுவிட்டு வந்தது.

“வேகம் ஜாஸ்தி” என்றார் அவர்.

அடுத்த தடவை மாட்டு வண்டி வேகத்தில் திரும்பினாள். தொம்.

“ஸ்டீரிங்கை லேட்டா திருப்பற.”

சீக்கிரமாகத் திருப்பினாள். இன்னும் பெரிய தொம்.

அந்த வாரம் டயரில் காற்று பார்த்தார். அடுத்த வாரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய், பின்சக்கரம் உள்பக்கம் இழுக்கிறது என்று சொன்னார். மெக்கானிக் காரைத் தூக்கிப் பார்த்து, இறக்கிப் பார்த்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “சக்கரம் நல்லாத்தான் இருக்கு. நீங்க நல்லாத் தூங்கறீங்களா?” என்றார்.

“சரி, நான் ஓட்டிக் காட்டறேன், பாரு” என்று ஒரு ஞாயிறன்று அவரே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். “பாத்துக்கோ. ஒட்டிப் போறேன். ஒட்டிப் போறேன். இப்போ திருப்பறேன். சத்தம் கேட்டுச்சா? கேக்கல. இவ்வளவுதான்.”

“நீங்க ஒட்டிப் போகலையேப்பா.”

“போனேனே.”

“இல்லப்பா. நல்லா தள்ளித்தான் போனீங்க. நடுவுல ஒரு ஆள் படுத்துக்கலாம்.”

“பாப்பா, நான் சொல்லிக்கிட்டேதானே போனேன்?”

“சொன்னீங்க. ஆனா போகலை.”

அவர் பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். அம்மா தலையணையின் மேல் முகவாயை வைத்துக்கொண்டு, மருத்துவர் வர நேரமாகும் என்று நோயாளிகளிடம் சொல்லுகிற அதே பதமான குரலில் சொன்னாள்:

“போகலைங்க.”

மறுபடி ஓட்டினார். இந்தத் தடவை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே திரும்பினார். வாய் ஒட்டிப் போகிறேன் என்றது. கார் ஒரு கஜம் தள்ளிப் போயிற்று. காரை நிறுத்தி இறங்கி, நடைபாதை விளிம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நின்று பார்த்தார். நிற்க இடம் இருந்தது. உட்காரவும் இருந்தது. இருபத்தாறு வருஷமாகத் தன்னோடு குடியிருக்கிற ஆள் வேறு யாரோ என்று தெரிந்துகொண்டவர் மாதிரி நின்றார்.

“ஏறுங்க, வெயில் அடிக்குது” என்றாள் அம்மா.

டீச்சர் சொன்னது வேறு. மூலையிலிருந்து தள்ளி இரு, அகலமாகப் போ, பிறகு திருப்பு என்றார். டீச்சரோடு போனால் சக்கரம் ஏறவில்லை. அப்பாவோடு போனால் ஏறியது. பாப்பா இதை வீட்டில் சொன்னபோது அவர் மறுத்துப் பேசவில்லை. ஆனால் மாற்றிக்கொள்ளவும் இல்லை. பதினோரு பேர் கற்றுக்கொண்ட பாடம். அதில் ஒருத்தர்கூட எங்கேயும் இடித்ததில்லை.

“டீச்சர் புஸ்தகத்துல இருக்கிறதைச் சொல்றாங்க பாப்பா. அப்பா அனுபவத்துல சொல்றேன்.”

ஐம்பது மணி நேரம் முடிந்தது. ஐம்பதுக்கும் அவர் கையெழுத்து இருந்தது. முதல் தேர்வுக்குப் போன பாப்பா, அரை மணி நேரத்தில் திரும்பிவந்து தாளைச் சமையலறை மேசைமேல் வைத்தாள், உட்காரவில்லை. தாளில் இரண்டே குறிப்புகள். ‘பின்னோக்கி ஓட்டுதல்: மிக நன்று. இடப்பக்கத் திருப்பம்: பின்சக்கரம் இரண்டு முறை நடைபாதையில் ஏறியது.’ கீழே ஒரு முத்திரை. மறுதேர்வுக்கு முன் பெற்றோருடன் மேலும் பத்து மணி நேரம்.

“என்னாச்சு பாப்பா?” என்றார் அவர்.

“மூலை வந்துச்சுப்பா. டீச்சர் சொன்னது ஞாபகம் வந்துச்சு, தள்ளிப் போனேன். உடனே நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு, ஒட்டிப் போனேன். ரெண்டு பேருக்கும் நடுவுல திருப்பினேன்.”

“நடுவுல ஏன் திருப்பின?”

“யாரைக் கேக்கறதுன்னு தெரியலப்பா!”

அவள் குரல் உயர்ந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். மறுதேர்வுக்கு இருபத்தாறாம் தேதி கிடைத்திருந்தது. அதற்கு அப்புறம் இருபத்தெட்டுக்குள் வேறு நாள் கிடையாது. மூவருமே குளிர்பதனப் பெட்டிக் கதவைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

“டீச்சர் என்ன சொன்னாங்க?” என்று அம்மா கேட்டாள்.

“வீட்ல சொல்லிக்கொடுக்கறதை மறந்துடுன்னாங்க.”

அவர் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். எழுந்து கை கழுவினார். கை துடைக்கும்போதுதான் வாய் திறந்தார். “மறந்துடுன்னா, அந்தப் பத்து மணி நேரம் பக்கத்துல யாரு உக்காருவா?”

உட்கார அவர் வேண்டும். அவர் சொல்வது வேண்டாம். முதலாவதை லைசென்ஸ் அலுவலகம் கேட்டது, இரண்டாவதை டீச்சர்.

அந்த வாரம் கிடங்கில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். நாற்பது வயசிருக்கும், முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவள். எல்லோரையும் இரண்டு கேள்வி கேட்காமல் விடமாட்டாள். அவளை ஃபோர்க்லிஃப்டில் உட்காரவைத்துவிட்டு அவர் பக்கத்தில் நடந்தார். வெறும் வண்டி, சரக்கு இல்லை. இரண்டு அடுக்குகளுக்கு நடுவிலுள்ள சந்துக்குள் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவள் தள்ளியே போனாள்.

“தள்ளிப் போகாதம்மா. மூலையை ஒட்டிப் போ.”

“ஒட்டினா பின்சக்கரம் ஏறிடாதாண்ணே?”

“எப்படி ஏறும்? இதுல திரும்பறதே பின்சக்கரம்தான். முன்சக்கரம் சும்மா வரும். நீ மூலையை ஒட்டினாத்தான் வால் வெளிப்பக்கமா சுத்தி வர இடம் இருக்கும். இதென்ன உன் பஸ்ஸா, முன்னாடி…”

அங்கேயே நின்றுவிட்டார்.

“முன்னாடி என்னண்ணே?”

அவர் குனிந்து, தரையில் படிந்திருந்த தூசியில் விரலால் ஒரு மூலையை வரைந்தார். அதன் பக்கத்தில் ஒரு பெட்டி வரைந்தார். பெட்டியின் வாலைத் திருப்பினார். அதை அழித்துவிட்டு இன்னொரு பெட்டி வரைந்து தலையைத் திருப்பினார். தலை வெளியே போயிற்று, வால் மூலையை வெட்டிக்கொண்டு உள்ளே வந்தது. நடைபாதைமேல் ஏறியது. விரல் அங்கேயே நின்றது.

“அண்ணே, ஏதாச்சும் கீழே விழுந்துடுச்சா?”

“ஆமாம்மா” என்றார். “நீ போ. ஒட்டியே போ. இதுல அதுதான் சரி.”

மத்தியானத்துக்கு மேல் அவரே வண்டியில் உட்கார்ந்தார். அதே சந்து. பத்தொன்பது வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை நுழைகிற சந்து. மூலை வரும்போது மனசு கேட்டது: இது காரா, ஃபோர்க்லிஃப்டா? ஒட்டணுமா, தள்ளணுமா? ஒட்டணும் என்று சரியாகவே பதில் சொன்னார். அதற்குள் கை தள்ளிவிட்டிருந்தது. வண்டியின் வால் வெளிப்பக்கமாகச் சுற்றி எதிர் அடுக்கின் காலில் டங் என்று மோதியது. ஒரு பெட்டிகூட ஆடவில்லை. ஆனால் கிடங்கு முழுக்கக் கேட்டது. ஆளாளுக்கு வேலையை விட்டுவிட்டு வந்து, இடித்தது யார் என்று பார்த்து, பார்த்ததை நம்பாமல் மறுபடி பார்த்தார்கள்.

“ரிவர்ஸ் அண்ணனா? சும்மா சொல்லாதீங்க.”

“கண்ணு சரியில்லையோ?”

“வீட்ல ஏதாச்சும் பிரச்சனையாண்ணே?”

“ஆமா” என்றார். “பாப்பா கார் ஓட்டுது.”

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றினார், கழற்றிய செருப்பில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அம்மா பயந்துவிட்டாள்.

“என்னங்க, கரப்பான் பூச்சியா?”

“உக்காருங்க ரெண்டு பேரும்.”

கூடத்துத் தரையில் உட்கார்ந்து, சுவர் மூலைக்குப் பதிலாக ஒரு டப்பாவை வைத்து, செருப்பை ஓட்டிக் காட்டினார். முதலில் குதிகாலைத் திருப்பி. அப்புறம் விரல் பக்கத்தைத் திருப்பி. சொல்லும்போதே இரண்டு தடவை குழம்பி, செருப்பைத் தலைகீழாகப் பிடித்து, மறுபடி முதலிலிருந்து வந்தார். பாப்பா முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தாள். சட்டென்று செருப்பை அவர் கையிலிருந்து வாங்கி, பின்பக்கமாக நகர்த்தினாள்.

“அதான்பா! அதான் எனக்கு ரிவர்ஸ் வந்துச்சு! பின்னாடி போறப்ப கார் உங்க ஃபோர்க்லிஃப்ட் மாதிரி ஆயிடுது. அப்போ ஒட்டறதுதான் சரி. முன்னாடி போறப்ப மட்டும் தப்பு.”

“அப்போ நான் சொன்னது பாதி சரி.”

“பாதி சரிப்பா.”

அம்மா செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எல்லாம் சரிங்க. அப்போ இத்தனை வருஷமா நீங்க காரை எப்படித்தான் ஓட்டினீங்க?”

“அதான் எனக்கும் தெரியல” என்றார்.

உண்மையாகவே தெரியவில்லை. கைகளுக்கு இரண்டு வண்டியும் தெரிந்திருந்தது. வாய்க்கு ஒரு வண்டிதான் தெரியும். இருபத்தாறு வருஷத்தில் கார் ஓட்டுவதைப் பற்றி அவர் யாரிடமும் பேச வேண்டி வந்ததே இல்லை. பேச வேண்டி வந்ததும் வாய் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டது. காரணம் தெரிந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். ஆகவில்லை.

பத்து மணி நேரத்தில் முதல் இரண்டு மணி நேரமும் அவர் பேசவே இல்லை. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார், எங்கே தானாக ஆட்டிவிடுமோ என்று. மூலை வரும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்பா, கண்ணைத் திறங்க. எனக்குப் பயமா இருக்கு.”

திறந்தார்.

“ஏதாச்சும் பேசுங்கப்பா. நீங்க சும்மா இருந்தா, ஒட்டு ஒட்டுன்னு எனக்கு உள்ளேயே கேக்குது.”

“என்னத்தைப் பேசறது? வாயைத் திறந்தா அதுதான் வருது.”

“வேற எதையாச்சும் சொல்லுங்க.”

அவர் யோசித்தார். முன்னால் பார்த்தார். “நாய்” என்றார்.

பாப்பா வேகத்தைக் குறைத்தாள். நடைபாதை ஓரத்தில் ஒரு நாய், கடக்கலாமா வேண்டாமா என்று நின்றிருந்தது. அவள் அதைப் பார்த்திருக்கவே இல்லை.

“சைக்கிள்” என்றார் கொஞ்ச தூரம் போனதும். அப்புறம், “குழந்தை வண்டி.” அப்புறம், “அந்த வேன்ல ஆள் இருக்கு, கதவைத் திறப்பான்.” வேன் கதவு திறந்தது.

“எப்படிப்பா தெரிஞ்சது?”

“தோள் அசைஞ்சுது.”

அதற்குப் பிறகு அப்படியே போயிற்று. எப்படி ஓட்டுவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிரே என்ன இருக்கிறது என்பதை மட்டும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பந்து. குப்பை லாரி. போன் பாத்துக்கிட்டு ஒரு அம்மா. மூலை வந்தால் வாயை இறுக்கிக்கொண்டார். மூலையில் பாப்பா டீச்சர் சொன்னதைச் செய்தாள். எட்டு தடவை போனால் ஒரு தடவை தொம் என்றது. அந்த ஒரு தடவை இருபத்தாறாம் தேதி வந்துவிட்டால் என்று இரண்டு பேருக்கும் பயம். குறிப்பேட்டில் ‘இன்று பெற்றோர் கற்பித்தது’ என்று ஒரு பகுதி இருந்தது. அதில் ‘நாய்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாள், ‘வேன், பந்து’.

டீச்சர் அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டுப் பாப்பாவிடம், “உங்க அப்பா நல்லாத்தானே இருக்காரு?” என்று கேட்டாராம்.

இருபத்தாறாம் தேதி அவர் அரை நாள் விடுப்புப் போட்டிருந்தார். தேர்வு மையத்தின் முன்னால் ஒரு நீள பெஞ்சு இருந்தது. அதில் நாலைந்து பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் உட்காரவில்லை. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், கார்கள் சாலையிலிருந்து இடப்பக்கமாக உள்ளே திரும்புகிற மூலையில், சுவரோடு சுவராக நின்றார். காவலாளி வந்து, “சார், இங்க நிக்கக்கூடாது, வண்டி வரும்” என்றார்.

“வரட்டும். அதைத்தான் பாக்கணும்.”

“உள்ளே போங்க சார்.”

ஓரடி நகர்ந்து நின்றார். இருபது நிமிஷம் கழித்து அவருடைய கார் தெரிந்தது. முன் இருக்கையில் தேர்வாளர் மடியில் அட்டையோடு, பக்கத்தில் பாப்பா, மூக்கு நுனிவரை வெளிறிப்போய். விளக்கு மின்னியது. அவர் வண்டியைப் பார்க்கவில்லை, பாப்பாவைப் பார்க்கவில்லை. பின்சக்கரத்தை மட்டும் பார்த்தார். அது மூலையை நோக்கி வந்தது, வந்துகொண்டே இருந்தது, நடைபாதை விளிம்புக்கு நாலு விரல் தள்ளி உருண்டு உள்ளே போய்விட்டது.

“நாலு விரல்” என்று காவலாளியிடம் சொன்னார்.

“சரி சார், இப்பவாச்சும் உள்ளே போங்க.”

பாப்பா தாளோடு வெளியே வந்தாள். அவர் அதை வாங்கி, தூரத்தில் பிடித்து, கண்ணாடி இல்லாமல் படிக்கப் பார்த்து, அவளிடமே திருப்பிக் கொடுத்தார். “நீயே சொல்லு.”

“பாஸ்ப்பா.”

“ம்.”

“வெறும் ‘ம்’தானா?”

“வேற என்ன சொல்லணும்? வாயைத் திறந்தா என்ன வரும்னு எனக்கே பயமா இருக்கு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “அம்மாவுக்குப் போன் போடு.”

பாப்பா போன் போட்டாள். மறுமுனையில் பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறை மொத்தமும் என்னவென்று திரும்பிப் பார்த்திருக்கும், அப்படி ஒரு கத்தல் கேட்டது. பேசி முடித்ததும் சாவியை அவரிடம் நீட்டினாள்.

“நீங்களே ஓட்டுங்க. எனக்கு இன்னிக்கு இது போதும்.”

அவர் உட்கார்ந்தார். இருக்கையை ஒரு விரல் பின்னுக்குத் தள்ளினார். தேர்வு மையத்திலிருந்து சாலைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த அந்தத் தாள் இப்போது கையில் இருந்தால் பத்து கோட்டையும் நிரப்பிவிடலாம் என்று தோன்றியது. கண்ணாடியைப் பார். விளக்கைப் போடு. தோளுக்கு மேல் பார். இது கார். தள்ளிப் போ. ஒட்டாதே. ஒட்டினால் வால் உள்ளே வரும். இது ஃபோர்க்லிஃப்ட் இல்லை. எப்போது திருப்ப வேண்டும்? இப்போதா? இல்லை, இன்னும்…

தொம்.

பின்சக்கரம் நடைபாதையில் ஏறி, ஒரு கணம் மேலேயே இருந்துவிட்டு, இறங்கியது. கேட்டுக் காவலாளி இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். காருக்குள் இரண்டு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்பா.”

“ம்.”

“ஒட்டிட்டீங்க.”

“தெரியுது.”

கொஞ்ச தூரம் போனார்கள். அடுத்த திருப்பம் தெரிந்தது, அதே இடப்பக்கம். அவர் கைகள் ஸ்டீரிங்கில் இறுகின. உதடு எதையோ எண்ண ஆரம்பித்தது. பாப்பா அதைப் பார்த்தாள். முன்னால் திரும்பினாள்.

“நாய்” என்றாள்.

“எங்கே?”

“அதோ, அந்தக் கடை வாசல்ல. பக்கத்துல ஒரு தபால்பெட்டி. சிவப்பு. அதுமேல யாரோ ஒரு குடையை மாட்டி வச்சிருக்காங்க பாருங்க.”

“குடையா? வெயில்ல யாரு…” என்று அவர் பார்த்தார்.

தபால்பெட்டி பின்னால் போயிற்று. அவர்கள் அடுத்த தெருவில் இருந்தார்கள். சத்தம் ஏதும் கேட்கவில்லை.

“இப்போ எப்படித் திரும்பினேன்?” என்று கேட்டார். “ஒட்டியா, தள்ளியா?”

“தெரியலப்பா” என்றாள் பாப்பா. “நான் குடையைப் பாத்துக்கிட்டிருந்தேன்.”